குலுக்கினால் புரதம் கெடுவது ஏன்? நீர்ப்பரப்பில் நடப்பது என்ன?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். ஒரு மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் அளவுக்கு நீர்த்த நொதிக் கரைசலை வோர்டெக்ஸில் (குழாயை வேகமாக அதிரவைத்துக் கலக்கும் மேசைக் கருவி) வைத்துக் கலக்கினால் செயல்திறன் பாதியாகிறது. ‘நுரை வரக்கூடாது’ என்று செய்முறைக் குறிப்பில் இருக்கிறது, காரணம் இல்லை. ஆக்ஸிஜனா, கலக்கும் வேகமா என்பது முதல் கேள்வி. மி.லி.க்கு 0.1 மி.கி. பீட்டா-லாக்டோகுளோபுலின் (பாலில் உள்ள ஒரு புரதம்) கரைசலின் பரப்பு இழுவிசை நான்கு மணி நேரமாக இறங்கிக்கொண்டே இருக்கிறதே, கருவியில் கோளாறா என்பது இரண்டாவது. டிஎன்ஏ, மாவுச்சத்து முதலிய மற்ற உயிர்ப் பாலிமர்களும் இப்படித்தானா என்பது மூன்றாவது. அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: தண்ணீரின் மேற்பரப்பு ஒரு புரதத்தை என்ன செய்கிறது? அதற்கு விடை கிடைத்தால் மூன்றும் அவிழும்.

நொதியைக் கெடுத்தது பெரும்பாலும் ஆக்ஸிஜனும் அல்ல, வேகமும் அல்ல. நுரை உண்டாக்கிய பரப்பளவுதான். தண்ணீருக்கு மேலே காற்று இருக்கிறது, அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். புரதத்தைப் பொறுத்தவரை அங்கே ஒரு எண்ணெய்ச் சுவர் நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளக் காற்றில் ஆள் இல்லை, எண்ணெயிலும் இல்லை. அதனால் நீர் வெறுக்கும் பக்கச் சங்கிலிகள் (லியூசின், ஐசோலியூசின், வேலின், ஃபினைல்அலனின் போன்றவை) காற்றுப் பக்கம் தலையை நீட்டினால் மொத்த ஆற்றல் குறைகிறது. கரைசலுக்குள் மிதக்கும்போது இந்தச் சங்கிலிகளை உள்ளே மடித்து மறைத்துத்தான் புரதம் தன் வடிவத்தைக் காக்கிறது. பரப்பை எட்டியதும் மறைக்க வேண்டிய அவசியம் தளர்கிறது. முதலில் வெளியே தெரியும் ஒரு நீர் வெறுக்கும் திட்டு ஒட்டும், பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வெளியே வரும். சுத்தமான தண்ணீரின் பரப்பு இழுவிசை 25 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். புரதம் படிந்த பிறகு அது பொதுவாக 45க்கும் 55க்கும் இடையில் வந்து நிற்கும். குறைந்த அந்த இருபது சொச்சத்தைத்தான் பரப்பு அழுத்தம் என்கிறோம்.

ஒற்றை அடுக்காகப் பரப்பை மூட ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 முதல் 3 மி.கி. புரதம் வேண்டும். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினைகளுக்கு இதுவே கணக்கு. உங்கள் குழாயையே எடுப்போம். 2 மி.லி. குழாயில் 1 மி.லி. கரைசல், மொத்தப் புரதம் 10 மைக்ரோகிராம். குழாயின் உள்விட்டம் 9 மி.மீ. என்றால் அசையாமல் இருக்கும் நீர்ப்பரப்பு 0.64 சதுர செ.மீ. சதுர மீட்டருக்கு 2 மி.கி. என்று போட்டால் அது பிடித்துவைக்கும் புரதம் 0.13 மைக்ரோகிராம், சுமார் ஒரு சதவீதம். கவலைப்பட ஒன்றுமில்லை. இப்போது வோர்டெக்ஸில் வைக்கிறீர்கள். 1 மி.லி. காற்று 1 மி.மீ. விட்டமுள்ள குமிழிகளாகக் கரைசலுக்குள் போனால் அவற்றின் மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. அது கேட்கும் புரதம் 12 மைக்ரோகிராம். கையில் இருப்பதோ 10. குமிழிகள் இன்னும் பொடியாக, 0.2 மி.மீ. ஆகிவிட்டால் பரப்பு 300 சதுர செ.மீ., அதாவது ஏ4 தாளில் ஏறக்குறைய பாதி. கேட்பு 60 மைக்ரோகிராம். போதாததற்கு, குமிழி உடைந்ததும் வேலை முடிவதில்லை. உடைந்த இடத்தில் புதுக் குமிழி, புதுப் பரப்பு. வோர்டெக்ஸ் ஓடும் ஒவ்வொரு வினாடியும் பரப்பு புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கிறது. செறிவு மி.லி.க்கு 5 மி.கி. இருக்கும்போது இதே நுரை ஒரு சதவீதச் சேதம்தான். அதனால்தான் மூலக் கரைசலைக் குலுக்கியபோது தெரியாத கெடுதல், நீர்த்த பிறகு பளிச்சென்று தெரிகிறது.

வேகத்தை ஏன் குற்றவாளி இல்லை என்கிறேன் என்றால், சிறிய கோளப் புரதம் ஒன்றை ஓட்டத்தின் இழுப்பால் மட்டும் பிரிக்க வேண்டுமானால் வெட்டு வீதம் (அடுத்தடுத்த நீரடுக்குகளின் வேகம் எவ்வளவு வேறுபடுகிறது என்ற அளவு) வினாடிக்கு ஒரு கோடி அளவில் தேவைப்படும் என்பது மதிப்பீடு. சைட்டோகுரோம்-சி புரதத்தை மிக மெல்லிய குழாயில் வினாடிக்கு இரண்டு லட்சம் வரை வெட்டு வீதத்தில் ஓட்டிப் பார்த்தும் அது விரியவில்லை. மேசை வோர்டெக்ஸ் அதன் அருகில்கூட வராது. விதிவிலக்கு உண்டு. இரத்தத்தில் இருக்கும் வான் வில்லிபிராண்ட் காரணி மிக நீளமான பாலிமர், அது வினாடிக்கு 5,000 வாக்கிலேயே சுருள் அவிழ்ந்து நீளும், அதன் வேலையே அதுதான். உங்கள் நொதி அந்த ரகம் இல்லை. பழைய நூல்களில் ‘குலுக்கல் விசையால் சிதைவு’ என்று எழுதியிருப்பதில் கணிசமான பங்கு உண்மையில் காற்றுப் பரப்பின் வேலை என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு காலை நேரம் போதும். ஒரே கரைசலை நான்கு மூடிக் குழாய்களில் எடுங்கள். முதலாவதை விளிம்புவரை நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூடுங்கள். இரண்டாவதைப் பாதி நிரப்பி விடுங்கள். மூன்றாவதையும் பாதி நிரப்பி, மேலே உள்ள காற்றை ஆர்கானால் மாற்றுங்கள். வாயுவைக் கரைசலுக்கு மேலே மெதுவாக விட வேண்டும், உள்ளே குமிழியாக விட்டால் சோதனையே பாழ். நான்காவதையும் பாதி நிரப்பி, ட்வீன் 20 (பரப்பைப் பிடித்துக்கொள்ளும் மென்மையான டிடர்ஜென்ட்) இறுதி அளவு 0.02 சதவீதம் வரும்படி சேருங்கள். ஐந்தாவதாக, குலுக்காமல் அப்படியே நிறுத்திவைக்கும் ஒன்றும் இருந்தால் நல்லது. குலுக்க வேண்டிய நான்கையும் ஒரே ஷேக்கரில், படுக்கவைத்து, ஒரே வேகத்தில் குலுக்கி, பிறகு 10,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, மேல்நீரின் செயல்திறனைப் பாருங்கள். செறிவு அதிகமானால் 350 நானோமீட்டரில் கலங்கலையும் பார்க்கலாம். முதலாவதும் நான்காவதும் தப்பி, இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அளவு கெட்டிருந்தால் விடை பரப்புதான். மூன்றாவது மட்டும் தப்பித்தால் என் விடை உங்கள் நொதிக்குப் பொருந்தாது. வெளியே தெரியும் சிஸ்டீன் உள்ள சில நொதிகளில் ஆக்ஸிஜன் உண்மையாகவே குற்றவாளியாக இருக்கும்.

பரப்பில் ஒட்டிய புரதம் திரும்பி வராதா? இது முக்கியமான இடம். கீழே உள்ள கரைசலை வெறும் பஃபராக (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் உப்புக் கரைசல்) மாற்றினாலும், ஒட்டியதில் பெரும்பகுதி அப்படியே கிடக்கும். காரணம் எளிய கணக்கு. ஒரு மூலக்கூறு 30 சதுர நானோமீட்டர் இடம் பிடித்திருக்கிறது, பரப்பு அழுத்தம் 20 மில்லிநியூட்டன் என்றால், அது மொத்தமாக எழுந்து போக வெப்ப ஆற்றலைப் போல 140 மடங்குக்கு மேல் வேண்டும். ஒட்டுவதற்கோ முழு இடமும் காலியாக இருக்கத் தேவையில்லை, ஒன்றிரண்டு சதுர நானோமீட்டர் சந்து கிடைத்தால் போதும், ஒரு கால் நுழைத்து மற்றதை இழுத்துக்கொள்ளும். நுழைவது சுலபம், வெளியேறுவது கடினம். பக்கத்துப் பக்கத்தில் நெருங்கிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மெல்லிய ஜெல் ஆடையாகிவிடும். பாலில் படிவதை ‘ஆடை’ என்று பெயரிட்டவர் யாரோ, சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அடுப்பில் படிவது சூட்டாலும் நீர் ஆவியாவதாலும் கேசீனும் கொழுப்பும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் தடிமனுக்கு வளர்ந்தது. இங்கே சொல்வது சில நானோமீட்டர் தடிமன்தான்.

இந்த ஆடை அசையாமல் கிடந்தால் சேதம் குறைவு. குமிழி சுருங்கும்போது ஆடை நெருக்கப்பட்டு மடிந்து, துணுக்குகளாகக் கிழிந்து கரைசலுக்குள் விழுகிறது. குமிழி மறுபடி விரியும்போது வெறும் பரப்பு தெரிகிறது, அதில் புதுப் புரதம் வந்து ஒட்டுகிறது. மறுபடி சுருக்கம், மறுபடி துணுக்கு. குலுக்கிய குழாயில் தெரியும் வெள்ளை நூல்கள் இவைதான். குலுக்கினால் புரதம் திடப்பொருளாகப் பிரிகிறது, அது பரப்பில் நடக்கிறது என்பதை ராம்ஸ்டன் 1903இலேயே எழுதிவிட்டார். இன்றும் ஊசி மருந்தாகப் போகும் ஆன்டிபாடிகளை லாரியில் அனுப்பும்போது, குப்பியின் மேல்காற்றும் சாலைக் குலுக்கலும் சேர்ந்து துகள் உண்டாக்குமோ என்ற கவலை அதே காரணத்தால்தான்.

எல்லாப் புரதமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. பாலில் இருக்கும் பீட்டா-கேசீன் 209 அமினோ அமிலம் கொண்ட தளர்ந்த சங்கிலி, கெட்டியான மடிப்பு இல்லை, டைசல்ஃபைடு பாலம் (இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்துச் சங்கிலியைக் கட்டும் முடிச்சு) ஒன்றுகூட இல்லை. ஒரு முனையில் பாஸ்பேட் ஏறிய செரின்கள் கூட்டமாக இருக்கின்றன, அந்த முனை நீருக்குள் வால்போலத் தொங்கும், மீதி பரப்பில் படுத்துக்கொள்ளும். வேகமாக ஒட்டும், இழுவிசையை வேகமாக இறக்கும், ஆனால் அதன் ஆடை வழுவழுவென்று ஓடும், விறைப்பு கிடையாது. முட்டை வெள்ளையில் இருக்கும் லைசோசைம் நேர் எதிர். 129 அமினோ அமிலம், நான்கு டைசல்ஃபைடு பாலம், இறுக்கிக் கட்டிய மூட்டை. ஒட்ட நேரம் எடுக்கும், ஒட்டிய பிறகு விறைப்பான ஆடை தரும். உங்கள் பீட்டா-லாக்டோகுளோபுலின் நடுவில் நிற்கிறது. 162 அமினோ அமிலம், இரண்டு பாலங்கள், அவற்றோடு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஒற்றைத் தயால் (பாலம் போடாமல் தனியே நிற்கும் கந்தகத் தொகுதி). பரப்பில் வடிவம் தளர்ந்ததும் அந்தத் தயால் வெளியே வந்து பக்கத்து மூலக்கூறின் பாலத்தோடு இடம் மாற்றிக்கொள்ளும். அப்படி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று தைக்கப்படுகின்றன. நேரம் ஆக ஆக ஆடை விறைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பார்க்க ஆசை இருந்தால் மி.லி.க்கு 1 மி.கி. கரைசலின் ஒரு துளியை ஊசி முனையில் அரைமணி நேரம் ஈரப்பதமான பெட்டிக்குள் தொங்கவிட்டு, பிறகு மெல்ல உள்ளே இழுங்கள். துளி உருண்டையாகச் சுருங்காமல், ஊசியின் கழுத்தருகே சுருக்கம் விழும், காய்ந்த திராட்சைபோல.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கருவி நன்றாகத்தான் இருக்கிறது என்று முதலில் வைத்துக்கொள்வோம். மி.லி.க்கு 0.1 மி.கி. கரைசலில், பரப்பை ஒருமுறை மூடத் தேவையான புரதம் 20 மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. விரவல் (மூலக்கூறுகள் தாமாகவே அலைந்து பரவுவது) மட்டுமே வேலை செய்தால் எவ்வளவு நேரம் என்பதற்கு வார்டும் டோர்டாயும் 1946இல் கொடுத்த சமன்பாடு இருக்கிறது. விரவல் எண்ணை வினாடிக்கு 70 சதுர மைக்ரோமீட்டர் என்று போட்டால் நாலரை வினாடி வருகிறது. செறிவைப் பத்தில் ஒன்றாக்கினால் நேரம் நூறு மடங்கு, ஏழரை நிமிடம். மறுபடி பத்தில் ஒன்றாக்கினால் பன்னிரண்டரை மணி நேரம். நடைமுறையில் கரைசல் தானாகவே கொஞ்சம் சுழலும் என்பதால் இவ்வளவு ஆகாது. ஆக, உங்கள் செறிவில் புரதம் பரப்புக்கு வந்து சேரும் வேலை முதல் நிமிடத்திலேயே முடிந்தது. அதன் பிறகு நான்கு மணி நேரமாக இறங்குவது வேறு: ஒட்டிய மூலக்கூறுகள் இடம் மாறி உட்காருவது, வடிவம் தளர்வது, பாலங்கள் தைக்கப்படுவது, சந்து கிடைத்த இடத்தில் புதிதாக ஒன்று நுழைவது. இழுவிசை ஏறஏற நுழைவுக்கான தடையும் ஏறுவதில்லை, பரப்பு அழுத்தம் ஏறஏறத்தான் ஏறுகிறது. இரண்டும் எதிர்த்திசை என்பதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தடை ஏறுவதால் வேகம் படிப்படியாகக் குறைகிறதே தவிர நிற்பதில்லை. சமநிலை மதிப்பு என்று ஒன்றைத் தேடிக் காத்திருக்காதீர்கள். ‘மூன்று மணி நேரத்தில் இவ்வளவு’ என்று நேரத்தைச் சேர்த்து எழுதுங்கள், எல்லா மாதிரிகளுக்கும் அதே நேரத்தை வையுங்கள். படம் வரையும்போது நேரத்தை மடக்கை அளவில் போட்டால் முதல் நிமிடமும் கடைசி மணியும் சேர்ந்தே தெரியும்.

எதிர்ப்பக்கமும் ஒரு பொறி உண்டு. மிக நீர்த்த கரைசலில் முதல் பல நிமிடங்களுக்கு இழுவிசை 72லேயே நிற்கும். புரதம் இன்னும் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். தவறு. லைசோசைம் போன்றவற்றில் சதுர மீட்டருக்கு 1 மி.கி. வாக்கில் படியும்வரை இழுவிசை அசையவே அசையாது. பரப்பில் மூலக்கூறுகள் தனித்தனியாக இருக்கும்போது அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை, ஒன்றையொன்று தொடும் நெருக்கம் வந்த பிறகே முள் நகரும். கதிரியக்க அடையாளமிட்ட புரதங்களைக் கொண்டு கிரகாமும் பிலிப்ஸும் 1979இல் வெளியிட்ட ஆய்வுகளில் படிந்த அளவையும் அழுத்தத்தையும் தனித்தனியே அளந்து காட்டியிருக்கிறார்கள். இழுவிசை மட்டும் பார்த்து ‘எவ்வளவு ஒட்டியது’ என்று சொல்ல முடியாது. அதற்குப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கும் எலிப்சோமெட்ரியோ, நியூட்ரான்களை அளக்கும் நியூட்ரான் எதிரொளிப்போ வேண்டும்.

கருவிப் பக்கம் நான் சந்தேகப்படும் இடங்களைச் சொல்கிறேன். முதலில் வெறும் தண்ணீர், பிறகு வெறும் பஃபர், இரண்டும் ஒரு மணி நேரம் 72ஐ விட்டு அசையாமல் நிற்க வேண்டும். பஃபர் அசைந்தால் உப்பில் கரிம அழுக்கு இருக்கிறது. சோடியம் குளோரைடை 500 முதல் 600 டிகிரியில் சில மணி நேரம் சூளையில் வறுத்தால் எரிந்துபோகும். பாஸ்பேட்டை இப்படி வறுக்காதீர்கள், அது வேறு உப்பாகிவிடும். ஊசி வடிகட்டிகளில் பலவற்றில் ஈரமாக்கும் டிடர்ஜென்ட் பூசியிருப்பார்கள், முதல் 5 முதல் 10 மி.லி. வரை வடித்துக் கொட்டிவிட்டுப் பிறகு பிடியுங்கள். சிலிக்கோன் கிரீஸ், கையுறை தொட்ட தட்டு, சோப்பு போட்டுக் கழுவிய பீக்கர் மூன்றும் விலக்கு. விற்பனைக்கு வரும் சீரம் ஆல்புமினில் கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்கும், கொழுப்பு அமிலம் நீக்கியது என்று கேட்டு வாங்க வேண்டும். உங்கள் புரதத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி: மேற்பரப்பை நுனி மெலிந்த குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி அளப்பது. ஐந்தாறு முறை எடுத்த பிறகும் அதே வளைவு வந்தால் புரதம்தான் பேசுகிறது. ஒவ்வொரு முறையும் வளைவு மெதுவானால், கொஞ்சமாக இருந்த ஏதோ அழுக்கை நீங்கள் அள்ளி வெளியே எடுக்கிறீர்கள். சமையலறைத் தொட்டியில் நீர்ப்பரப்பைத் துடைத்துத் துடைத்து அளந்த ஆக்னஸ் பாக்கெல்ஸ் 1891இல் ‘நேச்சர்’ இதழுக்குப் போன தன் கடிதத்தில் சொன்ன பாடமும் கிட்டத்தட்ட இதே: பரப்பைத் துடைக்காமல் எடுத்த அளவு அழுக்கின் அளவு.

பரப்பில் தொட்டு நிற்கும் பிளாட்டினத் தகட்டை நீர் இழுக்கும் விசையை வைத்து அளக்கிறீர்கள் என்றால் இன்னொன்று. தகட்டின் மீதும் புரதம் படியும், அப்போது அது முழுமையாக நனையாது, தொடுகோணம் பூஜ்யமாக இருக்காது, கருவி உண்மையைவிடக் குறைந்த இழுவிசையைக் காட்டும். மணிக்கணக்கான இறக்கத்தில் ஒரு பகுதி இதுவாகவும் இருக்கலாம். ஈரமான வடிதாள் துண்டைத் தகடாகப் போட்டு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், தாள் எப்போதும் நனைந்தே இருக்கும். தொங்கும் துளி முறைக்கு மாறலாமே என்பார்கள். மாறலாம், ஆனால் கணக்குப் போட்டுவிட்டு மாறுங்கள். 20 மைக்ரோலிட்டர் துளியின் பரப்பு சுமார் 35 சதுர மி.மீ. அது மூடிக்கொள்ள 0.07 மைக்ரோகிராம் புரதம் வேண்டும். மி.லி.க்கு 0.001 மி.கி. கரைசலில் அந்தத் துளிக்குள் இருப்பதே 0.02 மைக்ரோகிராம்தான். எத்தனை நாள் காத்திருந்தாலும் பரப்பு நிரம்பாது. அதே கரைசலைப் பெட்ரித் தட்டில் 20 மி.லி. ஊற்றினால் தாராளமாக நிரம்பும். இரண்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே செறிவுக்கு வேறு வேறு வளைவு கொடுத்துச் சண்டை போடுவதில் இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு எச்சரிக்கை, துளியின் ஆடை விறைத்துவிட்டால் துளியின் உருவத்திலிருந்து இழுவிசையைக் கணக்கிடும் முறையே செல்லாது. அந்தக் கணக்கு, பரப்பு திரவம்போல எல்லாத் திசையிலும் ஒரே இழுப்பு உடையது என்று எடுத்துக்கொள்கிறது. பொருத்தப் பிழை (துளியின் உண்மை உருவத்துக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாடு) ஏறத் தொடங்கிய நேரத்துக்குப் பிறகு வரும் எண்களை நம்பாதீர்கள்.

இதுவரை சொன்னதில் ஒட்டுவது, திரும்பாமை, பரப்பளவுக் கணக்கு, ஆடை கிழிவது ஆகியவை உறுதியானவை. உறுதியில்லாதது ‘புரதம் பரப்பில் எவ்வளவு விரிகிறது’ என்பது. பாடநூல்களில் ‘பரப்பில் புரதம் முழுவதும் விரிந்து தட்டையாகிவிடும்’ என்று ஒரே அடியாக எழுதியிருப்பார்கள். நியூட்ரான் எதிரொளிப்பில் பார்த்த லைசோசைம் அடுக்கு ஏறக்குறைய 3 நானோமீட்டர் தடிமன் காட்டியது, அது மடிந்த மூலக்கூறின் குறுக்களவு. பிரித்துப் போட்ட சங்கிலியாக இருந்தால் அவ்வளவு தடிமன் வராது. செறிவைக் கூட்டினால் படுத்திருந்தவை எழுந்து நிற்பதுபோல் தடிமன் கூடியது. அகச்சிவப்பு அளவீடுகளிலும் பல கோளப் புரதங்களின் ஹெலிக்ஸ், தாள் அமைப்புகளில் (சங்கிலி சுருளாகவும் தாளாகவும் மடியும் பகுதிகள்) பெரும்பகுதி மிஞ்சியிருப்பதாகவே தெரிகிறது. மறுபக்கம், நொதியின் செயல்திறன் போவதும் உண்மை. என் கருத்து, இரண்டும் முரண் அல்ல. செயல்திறனுக்கு வேண்டிய துல்லியம் குலைய மூன்றாம் நிலை மடிப்பு (அந்தப் பகுதிகள் சேர்ந்து கட்டும் முழு வடிவம்) கொஞ்சம் நெகிழ்ந்தாலே போதும், ஹெலிக்ஸ் அவிழ வேண்டியதில்லை. செறிவு குறைவாக இருந்து பரப்பு காலியாகக் கிடந்தால் தாராளமாக விரியும், கூட்டம் நெருங்கினால் விரிய இடம் இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவு புரதத்துக்குப் புரதம் மாறும், பொது விதி சொல்பவரை நம்ப வேண்டாம்.

மூன்றாவது கேள்விக்கு விடை சுருக்கமானது: எல்லா உயிர்ப் பாலிமரும் பரப்பை நாடுவதில்லை. இரட்டைச் சுருள் டிஎன்ஏவின் வெளிப்பக்கம் முழுவதும் மின்னூட்டம் ஏறிய பாஸ்பேட், நீர் வெறுக்கும் காரங்கள் (மரபு எழுத்துகளான A, T, G, C) உள்ளே அடுக்கியிருக்கின்றன. அது தண்ணீரை விட்டு வராது. நேர்மின் லிப்பிடு பரப்பில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வரும், அவ்வளவே. ஆனால் டிஎன்ஏ விஷயத்தில் வோர்டெக்ஸ் வேறு வழியில் கெடுக்கும். நீளமான குரோமோசோம் டிஎன்ஏவை ஓட்டத்தின் இழுப்பே அறுத்துவிடும், அங்கே குற்றவாளி உண்மையாகவே விசைதான். மாவுச்சத்தும் டெக்ஸ்ட்ரானும் நீர்நாட்டம் மிக்கவை, பரப்பில் வேலை இல்லை. கருவேலம்பிசின் வகையைச் சேர்ந்த அரபுப் பிசின் மட்டும் ஏன் எண்ணெயை நீரில் நன்றாகப் பிடித்துவைக்கிறது என்றால், அதில் சுமார் 2 சதவீதம் புரதம் இருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகள் புரதத்தோடு இணைந்த ஒரு சிறு பங்குதான் பரப்பில் ஒட்டுகிறது, மீதி கரைசலைத் தடிப்பாக்குகிறது. பருப்பு வேகும்போது பொங்கும் நுரையும் மாவுச்சத்தின் வேலை அல்ல, கரைந்து வந்த புரதமும் சபோனினும் சேர்ந்து செய்வது. பரப்புக்கென்றே பிறந்த புரதங்களும் இருக்கின்றன. பூஞ்சைகளின் ஹைட்ரோஃபோபின் அப்படி ஒன்று. நான்கு பாலங்களால் இறுகிய சின்ன மூலக்கூறு, நீர் வெறுக்கும் திட்டை மறைக்காமல் ஒரு பக்கத்தில் விரித்தே வைத்திருக்கும். வடிவம் மாறாமலே பரப்பில் உட்காரும், மிகவும் விறைப்பான ஆடை தரும். பூஞ்சை பிடித்த பார்லியில் செய்த பீர், மூடி திறந்ததும் பீறிடுவதற்கு இதைத்தான் காரணம் சொல்கிறார்கள்.

இனி உங்கள் நொதிக்குச் செய்ய வேண்டியது. உலர்ந்த பொடியைக் கரைக்கும்போது பஃபரைக் குழாயின் சுவர் வழியாக வழியவிட்டு, 10 முதல் 20 நிமிடம் தொடாமல் விடுங்கள், பிறகு மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பைப்பெட்டில் இரண்டாவது அழுத்தம்வரை போகாதீர்கள், கடைசிக் காற்று குமிழியாகத்தான் வெளியே வரும். நீர்க்கும் பஃபரில் ட்வீன் 20 முன்கூட்டியே இருக்க வேண்டும். 1 சதவீத மூலக் கரைசலில் ஒரு மி.லி.க்கு 10 முதல் 20 மைக்ரோலிட்டர், அதாவது 0.01 முதல் 0.02 சதவீதம். ட்வீன் 20 மைசெல் (மூலக்கூறுகள் சேர்ந்த சிறு உருண்டை) கட்டத் தொடங்கும் அளவு ஏறக்குறைய 0.007 சதவீதம், அதற்கு மேலே இருந்தால் புதுப் பரப்பு பிறந்ததும் ட்வீன் முந்திக்கொண்டு இடம் பிடிக்கும். ட்வீன் 80க்கு அந்த அளவு இன்னும் குறைவு, 0.0016 சதவீதம் வாக்கில். வரிசை முக்கியம். புரத ஆடை படிந்த பிறகு ட்வீன் ஊற்றினால் அது ஆடையில் ஓட்டைபோட்டு, ஓட்டையைப் பெரிதாக்கி, புரதத்தை நெருக்கித் திரட்டிக் கடைசியில் கட்டியாகத் தள்ளிவிடும். நல்லது செய்யப்போய்த் துகளைக் கூட்டிய கதையாகும். பழைய ட்வீன் புட்டியில் பெராக்சைடு ஏறியிருக்கும், சிஸ்டீனும் மெத்தியோனினும் உள்ள நொதியை அது வேறு விதமாகக் கெடுக்கும். வாயு நிரப்பி அடைத்த சிறு ஆம்பூல் வாங்கி, திறந்ததை வாரக்கணக்கில் வைத்திருக்காமல் பயன்படுத்துங்கள். 30 கிலோடால்டன் சவ்வில் (அந்த எடைக்கு மேற்பட்ட மூலக்கூறுகளை நிறுத்தும் வடிகட்டி) செறிவூட்டினால் ட்வீன் மைசெல்களும் புரதத்தோடு சேர்ந்து செறிவாகும், அதைக் கணக்கில் வையுங்கள்.

ட்வீன் ஆகாத இடத்தில் மி.லி.க்கு 0.1 முதல் 1 மி.கி. சீரம் ஆல்புமின் சேர்ப்பது வழக்கம். எண்ணிக்கையில் மிகுந்து பரப்பை அதுவே பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு, முழுக் காப்பு அல்ல, பிராட்ஃபோர்டு சாய முறையில் புரதம் அளக்கவும் முடியாமல் போகும். சர்க்கரையும் கிளிசராலும் இங்கே பெரிதாக உதவாது. உறைதலுக்கும் சூட்டுக்கும் அவை நல்ல காவல், பரப்பிலிருந்து புரதத்தை விரட்டும் சக்தி அவற்றுக்கு இல்லை. நுரையடக்கி எண்ணெயைத் தயவுசெய்து போடாதீர்கள். நுரை கண்ணுக்கு மறையும், அதற்குப் பதில் சிலிக்கோன் எண்ணெய்த் துளிகளின் பரப்பு வந்து சேரும், புரதத்துக்கு இரண்டும் ஒன்றே.

நான்கு குழாய்ச் சோதனையில் விளிம்புவரை நிரப்பிய குழாயிலும் செயல்திறன் குறைந்திருந்தால், குலுக்காமல் நிறுத்திவைத்த ஐந்தாவதைப் பாருங்கள். அதிலும் குறைந்திருந்தால் காற்றுப் பரப்பை விட்டுவிட்டுக் குழாயின் சுவரைப் பிடியுங்கள். 9 மி.மீ. குழாயில் 1 மி.லி. கரைசல் தொடும் பிளாஸ்டிக் சுவர் 4 சதுர செ.மீ.க்கு மேல். சதுர மீட்டருக்கு 1 மி.கி. என்று குறைத்துப் போட்டாலும் 0.4 மைக்ரோகிராம். மொத்தம் 10 மைக்ரோகிராம் இருக்கும்போது அது 4 சதவீதம்தான், மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் ஆக நீர்த்திருந்தால் 40 சதவீதம். அப்போது மாற்ற வேண்டியது கலக்கும் முறையை அல்ல, குழாயை: புரதம் ஒட்டாத வகைக் குழாய், அல்லது நீர்ப்பதைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிப்போட்டு, மூலக் கரைசலிலிருந்து நேராகச் சோதனைக் கிண்ணத்திலேயே நீர்ப்பது.